லேமினேட் செய்த மரணம்

"பெல்ட்டையும் கழட்டணுமா?" என்று கேட்டான் லூதர்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் மரத்தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "தோலா, ரெக்ஸினா சார்?"

"வாங்கும்போது தோலுன்னுதான் சொன்னான்."

"அப்ப ரெக்ஸின்தான். கழட்டுங்க."

அவனுடைய பேனா, கைக்கடிகாரம், கண்ணாடிக் கூடு எல்லாம் ஏற்கெனவே தட்டில் கிடந்தன. நைலான் ஜாக்கெட்டை வாசலிலேயே பிடுங்கி மாட்டிவிட்டார்கள். வெளியே ஏக்ரன் நகரம் ஜனவரிப் பனியில் விறைத்துக் கிடந்தது. உள்ளே லூதர், அவர்கள் கொடுத்த பருத்தி அங்கியைப் போட்டுக்கொண்டு, நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி நின்றான். நாற்பத்தோரு வயது ஆம்பளைக்கு இது மரியாதையான கோலம் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

பக்கத்தில் வெர்னா ஹலாஸ் கம்பளிச் சட்டையும் கம்பளிப் பாவாடையுமாக, கையில் ஒரு மரப்பென்சிலோடு, மாதா கோவிலுக்கு வந்தவள் போல நின்றிருந்தாள். அறுபதை நெருங்குகிறவள். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியன் லூதர்.

"உங்ககிட்ட மட்டும் ஏன் பாஸ் எதையும் பிடுங்கல?"

"என்ன போட்டுட்டு வரலாம்னு காலையிலேயே போன் பண்ணிக் கேட்டேன்."

"என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, இவங்க எவ்வளவு தூரம் போவாங்கன்னு எப்படித் தெரியும்?"

லூதர் பேண்ட்டை இன்னொரு முறை இழுத்துவிட்டுக்கொண்டான். "உள்ளாடையைப் பத்திக் கேக்கறதுக்குள்ள மாடிக்குப் போயிடலாம்."

வழக்கு இதுதான். கிளென் ஸ்ட்ராகர், அறுபத்தாறு வயது, இதே ஊரில் பிளாஸ்டிக் டப்பா வார்க்கும் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். போன வசந்தத்தில் அவருடைய கழுத்துத் தமனியில் அடைப்பு. அறுத்துச் சுத்தம் செய்தார்கள். எடுத்த கொழுப்பைச் சோதித்துப் பார்த்த டாக்டர், "இதுல பிளாஸ்டிக் துகள் இருக்கு மிஸ்டர் ஸ்ட்ராகர். இப்படித் துகள் இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு அதிகமா வருதுங்கறாங்க. அதுதான் காரணமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். கடைசி வாக்கியம் கிளென் காதில் ஏறவே இல்லை. அவர் ஆயுள் முழுக்க வார்த்த சாமான் அவர் கழுத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அது மட்டும்தான் ஏறியது.

அக்டோபரில் நெஞ்சுவலி. இதயத் தமனி மறுபடி அடையாமல் திறந்தே இருக்க உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கிளென், பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாத இந்த 'தூய ஊற்று' மையத்தைக் கண்டுபிடித்தார். இரத்தத்தை வெளியே எடுத்து, வடிகட்டி, பிளாஸ்டிக்கை நீக்கி, திரும்ப உள்ளே அனுப்புவார்களாம். மூன்று தடவை போனார். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை, சமையலறை மேசையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்டென்டில் இரத்தம் உறைந்துவிட்டது. அதற்கு முந்தைய ஒன்பது நாளாக அவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஏன் நிறுத்தினார் என்பதற்கு மகன் கர்ட் ஒரு சாட்சி கொண்டுவந்தான். உள்ளங்கை அகல அட்டை. அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில் கிடைத்ததாம். அதில் அச்சில் இருந்தது: 'உங்கள் மாத்திரைகளின் மேலுறையும் பிளாஸ்டிக்தான். இன்றே எல்லாவற்றையும் நிறுத்தவும். தூய ஊற்று மையம்.'

கர்ட்டின் வக்கீல் மையத்தின் மேல் வழக்குப் போடத் தயார். அதற்கு முன் அட்டையை உறுதி செய்துகொள்ளத்தான் வெர்னாவைப் பிடித்திருந்தார்கள்.

மாடியில் டாக்டர் ஃபெல்ட்ஸ் தூய வெள்ளை லினன் உடையில், மரநாற்காலியில், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு நிதானமாக வந்து, நிதானமாகப் போனது.

"ஸ்ட்ராகர் நல்லா தேறிட்டு வந்தாரு" என்றார். "முதல் நாள் இரத்தத்துல பிளாஸ்டிக் துகள் எண்ணிக்கை நூத்தி எண்பத்தெட்டு. மூணாவது தடவை பதினொண்ணு. அந்தத் தாளை அவர் பர்ஸ்லயே வெச்சிருந்தாரு."

"முதல் நாள் இரத்தம் எங்க எடுப்பீங்க?" என்றாள் வெர்னா.

"கீழ்த் தளத்துல."

"கடைசி நாள்?"

"இங்க மேல."

வெர்னா அலமாரியைப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். "கீழ ஒரு அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு டாக்டர். பெட்டி நிறைய பிளாஸ்டிக் குழாய் பார்த்தேன். என் ஆளோட பேனாவையே உள்ள விடாத இடத்துல, முதல் நாள் இரத்தத்தை மட்டும் பிளாஸ்டிக்ல பிடிக்கிறீங்க. கடைசி நாள் கண்ணாடியில பிடிக்கிறீங்க. எண்ணிக்கை குறையாம என்ன செய்யும்?"

ஃபெல்ட்ஸ் தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

"அதாவது," என்றான் லூதர், "வர்ற ஆளை முதல்ல சேத்துல உருட்டிட்டு, அப்புறம் குளிப்பாட்டி, பாரு எவ்வளவு சுத்தம்னு காட்டறது."

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் ஃபெல்ட்ஸ். சிரிப்பு இந்த முறை வராமலே போய்விட்டது.

வெர்னா அட்டையை மேசையில் வைத்தாள். ஃபெல்ட்ஸ் அதை எடுக்கவில்லை. குனிந்து படித்தார். பிறகு எழுந்து போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து போட்டார். சணல் நூலால் கட்டிய கோப்பு. உள்ளே கிளென் கையெழுத்திட்ட தாள்: 'இதய மருத்துவர் கொடுத்த எந்த மருந்தையும் நான் நிறுத்த மாட்டேன். இதை எனக்கு வாயாலும் சொன்னார்கள்.'

"வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்கறேன். என்னைத் திருடன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன். முட்டாள்னு சொல்லாதீங்க. செத்துப்போனவர் நாலாவது தடவை வரமாட்டாரே மேடம்."

திரும்பி வரும் வழியில் காரின் சூடு ஏறுவதற்குள் லூதருக்கு நாலு தும்மல் வந்துவிட்டது.

"அந்தாளு பக்கா அயோக்கியன் பாஸ். ஆனா இதுல மாட்டமாட்டான்."

"அந்தத் தாளைப் பார்க்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"அட்டையைத் தொட்டுப் பாரு."

லூதர் கட்டைவிரலால் தேய்த்தான். வழுவழுப்பு. நான்கு ஓரமும் ஒட்டி மூடியிருந்தது. "லேமினேட் பண்ணியிருக்கு."

"பெல்ட்டைக் கழட்டச் சொன்ன மையம், நோயாளி கையில பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைக் கொடுக்குமா?"

"கீழ் அறையில பிளாஸ்டிக் குழாய் வெச்சிருக்கானே?"

"அது கண்ணுக்குத் தெரியாத இடத்துல. ஏமாத்தறவன் பொய்யை உள்ள வெச்சுக்குவான், கையில கொடுக்க மாட்டான்." வெர்னா கையுறையை மாட்டிக்கொண்டாள். "அது பாதிதான் லூதர். மீதிப் பாதியைச் சொல்லு. கிளென் யாரு?"

"பிளாஸ்டிக் ஃபோர்மேன்."

"பல் தேய்க்க மரத்துல பிரஷ் வாங்கினவரு. சட்டைப் பொத்தானை எல்லாம் பிச்சுட்டு எலும்புப் பொத்தான் வெச்சுத் தைக்கச் சொன்னவரு. முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சாமானைத் தொட்ட விரலு. அந்த ஆளு இதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கியிருப்பாரா?"

லூதர் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "அப்ப அவர் இதைப் பார்க்கவே இல்ல."

"பார்க்கவே இல்ல. அவர் செத்ததுக்கு அப்புறம் செஞ்ச அட்டை. அவருக்காகச் செய்யல. நமக்காகச் செஞ்சது."

"நமக்கு இதைக் கொடுத்தது கர்ட்."

"வண்டியை எடு. பசிக்குது."

கர்ட் ஸ்ட்ராகர் ஊரின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன உணவகம் நடத்துகிறான். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கதவைச் சாத்திவிடுவான். இவர்களைப் பார்த்ததும் திறந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது. அகலமான தோள், தூக்கமில்லாத கண். பரிமாறும் ஜன்னல் வழியாகச் சமையலறையில் அவன் அம்மா நோரீன் தெரிந்தாள். கணவர் போனதிலிருந்து தினமும் இங்கே வந்து மாலை வியாபாரத்துக்கு ஆப்பிள் பை செய்து கொடுக்கிறாள். மாவை உருட்டியபடியே இவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கர்ட் இரண்டு காப்பியும், ஒரு தட்டு புளித்த முட்டைக்கோஸ் உருண்டைகளும் கொண்டுவந்து வைத்தான். இந்த ஊரில் விருந்தாளிக்கு அதை வைக்காவிட்டால் குறையாகப் பேசுவார்கள். "சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. அந்தாளு ஒத்துக்கிட்டானா?"

வெர்னா மேசையில் கிடந்த, லேமினேட் செய்த மெனு அட்டையை எடுத்தாள். அதன் மேல் கிளென் அட்டையைப் பொருத்தி வைத்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி வளைத்து வெட்டிய மூலைகள். இரண்டிலும் வலது கீழ் மூலையில் மட்டும் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டுக்காயம்.

"மூலை வெட்டற கத்தியில பல்லு உடைஞ்சிருக்கு" என்றான் லூதர், வாயில் உருண்டையோடு. "மாத்திடுங்க சார். மெனுவுக்கு அழகா இல்ல."

கர்ட் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவங்கதான் கொன்னாங்க" என்றான். "அட்டையை நான் செஞ்சேன், சரி. ஆனா பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னு பயமுறுத்தி அவர் மண்டையைக் கெடுத்தது அவங்கதானே?"

"மாத்திரையை நிறுத்தாதேன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க கர்ட். உங்கப்பா போட்ட கையெழுத்து." வெர்னாவின் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "டிசம்பர் பதிமூணுல என்ன நடந்துச்சு?"

அவன் பரிமாறும் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஞாயித்துக்கிழமை. என் பொண்ணு பிறந்தநாள். எல்லாரும் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அவளுக்கு வந்த பொம்மை எல்லாத்தையும் வாரிக் குப்பையில போட்டாரு. பிளாஸ்டிக்காம். புள்ளை அழுதுச்சு. நான் கத்தினேன். இவ்வளவு பேசறீங்களே, தினமும் காலையில பளபளன்னு ஒரு மாத்திரை முழுங்கறீங்களே, அதுக்கு மேல பூசியிருக்கறது என்ன, வெண்ணெயான்னு கேட்டேன். போய் அதை முதல்ல துப்புங்கன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னையே பார்த்தாரு. யோசிக்கிற மாதிரி." கர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வம்புக்குச் சொன்னேன் மேடம். அந்த மாத்திரை நின்னா உயிர் போகும்னு எனக்குத் தெரியவே தெரியாது. செத்ததுக்கு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. அஞ்சு வாரமா ராத்திரியும் பகலும் அந்த ஒரு வார்த்தைதான் காதுல கேக்குது. வேற யாராவது சொல்லியிருக்கணும். வேற யாராவது."

அவன் அட்டையைப் பறித்து இரண்டாகக் கிழிக்கப் பார்த்தான். வளைந்தது. முறுக்கினான். விறைத்துக்கொண்டு நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஓரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"கிழியாது சார்" என்றான் லூதர் மெதுவாக. "கிழியக் கூடாதுன்னுதான் அப்படிச் செய்யறாங்க."

அவன் கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை. முட்டைக்கோஸ் உருண்டைத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"வழக்குக் கோப்பைக் கொடு" என்றாள் வெர்னா.

லூதர் கொடுத்தான். அவள் அதிலிருந்து உருவியது அக்டோபரில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளென் வீடு திரும்பியபோது கொடுத்த தாள். வழக்குக்காகக் கர்ட் கொண்டுவந்து கொடுத்த காகிதக் கட்டுக்குள் அதுவும் இருந்தது. லூதர் இரண்டு தடவை அதைப் புரட்டியிருக்கிறான். மருந்துப் பட்டியல் என்று தாண்டிப் போய்விட்டான். இப்போதுதான் கடைசி வரியைப் படித்தான். 'இந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து உயிருக்கு ஆபத்து என்று விளக்கப்பட்டது. கேட்டுக்கொண்டவர்:' அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. கிளெனுடையது இல்லை.

"மிசஸ் ஸ்ட்ராகர்," என்று குரல் கொடுத்தாள் வெர்னா, "கொஞ்சம் வர்றீங்களா?"

நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அறுபத்து மூன்று வயது, சின்ன உருவம், படிய வாரிய தலை. ஒரு காலத்தில் இந்த ஊரில் அவளைத் தெரியாத வீடு கிடையாது. வீடு வீடாகப் பெண்களைக் கூட்டி வைத்து, பிளாஸ்டிக் டப்பாக்களை மூடித் திறந்து காட்டி விற்றவள். கிளென் ஆலையில் வார்ப்பார், நோரீன் ஊரில் விற்பாள். முப்பது வருடம் அப்படித்தான் குடும்பம் நடந்தது.

"உங்க வீட்டுக்காரரு மாத்திரையை நிறுத்தினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எங்கம்மாவை இதுல இழுக்காதீங்க" என்றான் கர்ட்.

"முதல் நாளே" என்றாள் நோரீன்.

கர்ட் திரும்பிப் பார்த்தான்.

நோரீன் அவனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "நீ கத்திட்டுப் போன மறுநாள் காலையில, குப்பையில காப்பித் தூளுக்கு மேல ஒரு மாத்திரை கிடந்துச்சு. ரோஸ் கலர். மறுநாள் இன்னொண்ணு. நான் மூடியை மூடிட்டு வந்துடுவேன்."

"ஆஸ்பத்திரியில நர்ஸ் சொன்னதை அவர் கேக்கல, இல்லையா?" என்றாள் வெர்னா.

"மயக்கத்துல இருந்தாரு. நர்ஸ் என்கிட்டதான் சொல்லுச்சு. ரெண்டு தடவை சொல்லுச்சு. கையெழுத்துப் போட்டேன். அந்த வீட்டுல அது தெரிஞ்சது எனக்கு மட்டும்தான்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"நான் சொல்லி எதைக் கேட்டாரு?" நோரீனின் குரல் உயரவில்லை. "நவம்பர்ல சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். கண்ணாடிக் கிண்ணத்துலதான். அவர் எழுந்து நின்னு, அத்தனை பேருக்கும் முன்னாடி, அதைத் தொடாதீங்க, முப்பது வருஷமா எனக்கு விஷம் வெச்ச கை அதுன்னு சொன்னாரு. யாரும் தொடல. என் சிநேகிதிங்களே தொடல. அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். நிலவறையில நான் சேர்த்து வெச்சிருந்த அத்தனை டப்பாவையும், அதிகமா வித்ததுக்கு எனக்குக் கொடுத்த கேடயத்தையும் சேர்த்து, தெருவுல கொட்டினாரு. குப்பை வண்டி வர்ற வரைக்கும் பக்கத்துலயே என்னை நிக்க வெச்சாரு. வார்த்தது அவரு. விஷம் வெச்சது நானு."

சமையலறையிலிருந்து பட்டையும் வெந்த ஆப்பிளுமாக வாசனை வந்தது.

"ஒவ்வொரு நாளும் பார்ப்பேன்" என்றாள் அவள். "இன்னிக்காவது கேப்பாரா, நோரீன், இதை நிறுத்தலாமா, ஆஸ்பத்திரியில ஏதாவது சொன்னாங்களான்னு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒன்பது நாள். கேக்கவே இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் கர்ட். "அஞ்சு வாரமா நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு சாகறேன். இந்த அட்டையை நான் செய்யறப்ப எதிர்லதானே உட்கார்ந்திருந்த. அந்த மையத்தோட பேரை எழுத்துப் பிழை இல்லாம சொல்லிக் கொடுத்ததே நீதான்."

"நீ சொன்ன வார்த்தைதானே அது." நோரீன் மகனின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "நான் வாயைத் திறக்கவே இல்லையே."

லூதர் வெர்னாவைப் பார்த்தான். இதற்கு என்ன சட்டம் என்று அவன் கண் கேட்டது. எதுவும் இல்லை என்பதுபோல் வெர்னா லேசாகத் தலையை ஆட்டினாள். பேசியவனுக்கும் கொலைக் குற்றம் கிடையாது, பேசாதவளுக்கும் கிடையாது. இருபது வருட அனுபவத்தில் அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

கர்ட் மட்டும் நகரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் மேசையில சாய்ஞ்சப்ப நீ எங்கம்மா இருந்த?"

"எதிர்ல. காலைச் சாப்பாடு."

"ஆம்புலன்ஸுக்கு நீதானே போன் பண்ணின?"

"நான்தான்."

"உடனேயா?"

நோரீன் யோசித்தாள். பொய் தேடுகிற யோசனையாக அது தெரியவில்லை. சரியான பதிலைச் சொல்ல வேண்டுமே என்ற யோசனைதான்.

"கையில காப்பி இருந்துச்சு" என்றாள். "குடிச்சு முடிச்சுட்டுப் பண்ணினேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்பவும் எதுவும் கேக்கல."

வெர்னாவின் கை தாள்மேல் அப்படியே நின்றது.

கர்ட் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்தான். முதல் தடவை எண்ணைத் தவறாக அழுத்தினான். வைத்துவிட்டு மறுபடி எடுத்தான். நோரீன் தடுக்கவில்லை. சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டி மோந்துவிட்டு, "பை கருகுது, யாராவது எடுத்து வைங்க" என்றாள்.

அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் லூதர்தான் எழுந்து போனான். அடுப்பைத் திறந்து, துணியைச் சுற்றி, சூடான தட்டை வெளியே எடுத்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றான். ஜன்னல் வழியாக, தொலைபேசியில் அவசர உதவிப் பெண்ணின் குரல் சன்னமாகக் கேட்டது. யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"எங்கப்பா மயங்கி விழுந்துட்டாரு" என்றான் கர்ட். "அஞ்சு வாரம் ஆச்சு. இப்பதான் கூப்பிடறோம்."